இஞ்சின் கால் பணம், ஏற்றி ஓட்டும் கூலி முக்கால் பணம்!



தோட்டப்புறங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்களிலும் ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டோரத் தகரக் கொட்டகையில் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்று தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இஞ்சின் இராது. அது அட்டைப் பெட்டிகளிலும் பால் டின்களிலும் துண்டு துண்டாகக் கிடக்கும். "எப்போதப்பா ஓடும்?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் சாமான் வரணும்" என்று வீட்டுப் பிள்ளை சொல்வான். அந்த "இன்னும் கொஞ்சம்" சில வீடுகளில் மூன்று ஆண்டுகளாகத் தொடர்கிறது.

அந்தப் பிள்ளை சோம்பேறியும் அல்ல, ஏமாளியும் அல்ல. கணக்கைப் பாதி மட்டும் போட்டுவிட்டு வேலையை முழுதாகத் தொடங்கியவன், அவ்வளவுதான். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். பழைய காருக்கு இஞ்சின் கட்டும் வேலைக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். எப்படி என்பதை இக்கட்டுரையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் தாய்மார்களும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனென்றால் பணம் போகும் வழி அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

மைனர் மீது ஏன் இத்தனை ஆசை?

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 'மினி' காரை உருவாக்கியவரும் அவரே. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் மைனர்தான். 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றபோது, மொத்தம் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன.

நம் நாட்டில் அந்த வண்டி கிராணிமார், கண்டக்டர்மார், ஆசிரியர்கள் ஆகியோரின் வண்டியாக இருந்தது. செம்மண் சாலையில் அது வரும் ஓசையைக் கேட்டே இன்னார் வருகிறார் என்று லயத்துப் பிள்ளைகள் சொல்வார்களாம். அன்று எட்ட நின்று பார்த்த வண்டியை இன்று பேரப்பிள்ளை சொந்தமாக வாங்கி ஓட்ட நினைக்கிறான். அந்த ஆசையைக் குறை கூற முடியாது. ஆனால் ஆசைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா?

மைனர் என்றால் எல்லாம் ஒரே இஞ்சின் என்று எண்ணிவிடாதீர்கள். 1952 முதல் அதில் 803 சி.சி. இஞ்சின் வரத் தொடங்கியது. 1956இல் 948 சி.சி., 1962இல் 1098 சி.சி. என்று அது வளர்ந்தது. இவை மூன்றும் 'ஏ சீரிஸ்' என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1951இல் பிறந்த இந்த இஞ்சின் குடும்பம், மினி காரின் வழியாக 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. அதனால்தான் இன்றும் இங்கிலாந்திலிருந்து சாமான்கள் கிடைக்கின்றன. ஆனால் குடும்பம் ஒன்றானாலும் சட்டை அளவு வேறு. 948இன் பிஸ்டன் 1098இல் சேராது. மினி இஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும். அதன் கியர்பாக்ஸ் அடியிலேயே இருக்கும். அதைத் தூக்கி அப்படியே மைனரில் வைக்க முடியாது. எந்த இஞ்சின் என்று தெரியாமல் சாமான் வாங்குவதே முதல் வீண் செலவு.

இஞ்சினைக் 'கட்டுவது' என்றால் என்ன?

நம் பட்டறைகளில் இதை 'ஓவரால்' என்பார்கள். நாள்பட அரைத்த உரல் நடுவில் குழிந்து போவதைப் பார்த்திருக்கிறீர்கள். இஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்களும் அப்படித்தான் தேய்கின்றன. மேல்பகுதியில் அதிகம் தேயும். கீழே குறைவாகத் தேயும். வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகும். அப்போது எண்ணெய் மேலேறி எரிந்து நீலப் புகை வரும், இழுவையும் குறையும்.

இதைச் சரி செய்ய, குழாயைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதுதான் 'போரிங்'. வழக்கமாக ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு, 60 பங்கு என்று பெரிய அளவுப் பிஸ்டன்கள் கிடைக்கும். 60 பங்கு என்பது ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் குழாய்ச் சுவர் மெலிந்துவிடும். பிறகு உள்ளே புதிய குழாய் அடித்து இறக்க வேண்டும். அதற்குச் செலவு தனி.

அடுத்தது கிராங்க் தண்டு. அதன் கழுத்துகளைச் சீராகத் தேய்த்து, தேய்த்த அளவுக்கு ஏற்றபடி தடித்த பேரிங் போட வேண்டும். பிறகு ஹெட். அதன் அடிப்பாகத்தைச் சமமாக்கி, எட்டு வால்வுகளையும் அவை உட்காரும் இடங்களையும் சரி பார்க்க வேண்டும். இங்கே ஒரு புதுச் செலவும் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. இன்று நாம் போடுவது ஈயமில்லாப் பெட்ரோல். ஆகவே புகை வெளியேறும் வால்வுகளுக்கு உறுதியான எஃகு வளையம் பதிப்பது நல்லது. இங்கிலாந்துப் பழைய புத்தகத்தில் இந்தச் செலவு இராது. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

திறக்கும் முன் சோதனை

காய்ச்சல் வந்தவருக்கு உடனே வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதில்லை. இஞ்சினுக்கும் அப்படியே. முதலில் புகையின் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. இது கார்புரேட்டர் வேலையாக இருக்கலாம். இஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, கம்ப்ரெஷன் மீட்டர் வைத்து நான்கு குழாய்களையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் அளவு குறைந்தால், பிளக் துவாரம் வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு கூடினால் தேய்மானம் ரிங்கிலும் குழாயிலும் இருக்கிறது. கூடாவிட்டால் குறை பெரும்பாலும் வால்வில் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு குழாய்களில் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மைனரில் இஞ்சினை இறக்காமலே ஹெட்டை மட்டும் கழற்றி எடுக்கலாம். குறை வால்வில்தான் என்றால் செலவு ஒரு சிறு பகுதியோடு முடிந்துவிடும். அரை மணி நேரச் சோதனை சில ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்தலாம்.

மூன்று பத்திக் கணக்கு

சோதித்த பின்னும் முழு ஓவரால்தான் என்று முடிவானால், கணக்கு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். கீழே நான் எழுதும் எண்கள் எந்தப் பட்டறையின் விலைப்பட்டியலும் அல்ல. கணக்கின் வடிவம் விளங்குவதற்காகப் போட்ட மாதிரி எண்கள். உங்கள் ஊர் விலையைக் கேட்டு நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

முதல் பத்தி, இஞ்சினுக்குள் போகும் சாமான்கள். பிஸ்டனும் ரிங்கும் 900 வெள்ளி. பேரிங் வகைகள் 400. வால்வு, கைடு, ஸ்பிரிங் 450. கேஸ்கெட் செட் 250. டைமிங் செயினும் எண்ணெய் பம்பும் 400. ஆக மொத்தம் 2,400 வெள்ளி. பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லும் எண் பெரும்பாலும் இதுதான். "இஞ்சின் சாமான் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான்மா!"

இரண்டாம் பத்தி, கடைசல் பட்டறைக் கூலி. போரிங் 300. கிராங்க் தேய்க்க 350. ஹெட் வேலை 450. புளோக்கைக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, தண்ணீர் அடைப்புத் தகடுகளை மாற்ற 200. ஆக 1,300 வெள்ளி.

மூன்றாம் பத்தி, ஏற்றி ஓட வைக்கும் செலவு. இதைத்தான் பலர் எழுதுவதே இல்லை. இறக்கவும் பூட்டவும் ஏற்றவும் போமன் கூலி 1,500. இஞ்சின் வெளியே இருக்கும்போது கிளச்சை மாற்றாமல் விடுவது அறிவீனம், அதற்கு 600. இஞ்சின் தாங்கும் ரப்பர், தண்ணீர்க் குழாய்கள், பெல்ட் 250. ரேடியேட்டர் கழுவிப் பற்றவைக்க 350. தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் 250. கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு வேலை 250. டைனமோவும் ஸ்டார்ட்டரும் 300. இருமுறை எண்ணெய், ஃபில்டர் 300. வண்டியை இழுத்துப்போகும் லாரிக்கு 200. கூட்டிப் பாருங்கள், 4,000 வெள்ளி.

மூன்று பத்தியும் சேர்ந்தால் 7,700. இதோடு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1,540 வெள்ளியை எதிர்பாராச் செலவு என்று ஒதுக்குங்கள். மொத்தம் 9,240 வெள்ளி. முதலில் வீட்டில் சொன்ன 2,400 இதில் ஏறக்குறைய கால் பங்கு! சுண்டைக்காய்ப் பழமொழி சொன்னது சரியாகிவிட்டதா?

இன்னொரு விதமாகவும் பாருங்கள். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மேற்சொன்ன தொகை ஏறக்குறைய ஐந்தரை மாத உழைப்பு. அரிசி வாங்காமல், வாடகை கட்டாமல், பள்ளிப் பேருந்துக்குக் கொடுக்காமல் ஐந்தரை மாதம்!

ஐந்தில் ஒரு பங்கு எதற்கு?

இஞ்சின் மூடியிருக்கும்வரை உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. எத்தனை திறமையான போமனாக இருந்தாலும், திறந்து மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகுதான் உண்மை தெரியும். முன்பே யாரோ 60 பங்கு வரை குடைந்திருக்கலாம். கிராங்கில் விரிசல் இருக்கலாம். ஹெட்டைப் பலமுறை தேய்த்து மெலிய வைத்திருக்கலாம். ஆகவே திறக்கும் முன் போமன் சொல்லும் தொகையை முடிவான விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு மதிப்பீடு மட்டுமே. "அண்ணே, திறந்து அளந்த பிறகு எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு சாமான் வாங்குவோம்" என்று முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல போமன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு குடும்பம் கற்ற பாடம்

எங்கள் வட்டாரத்தில் ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். தகப்பனார் பால்வெட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், நல்ல பிள்ளை. 948 சி.சி. மைனர் ஒன்றை வாங்கி வந்தான். கையில் மூவாயிரம் வெள்ளி இருந்தது. இஞ்சினைத் திறந்தான்.

அளந்து பார்த்தபோது 40 பங்குக்குக் குடைய வேண்டும் என்று தெரிந்தது. பிஸ்டனுக்கு இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, வரும்வரை பொறுக்காமல் புளோக்கைக் குடைந்து வாங்கி வந்தான். பிஸ்டன் வந்து சேர இரண்டு மாதம் ஆகியது. அது மழைக்காலம். குடைந்த குழாய்க்கு எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் சுற்றி வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. புதிதாகக் குடைந்த இரும்பு நம் ஊர் ஈரக்காற்றில் சில நாளிலேயே துருப்பிடிக்கும். பிஸ்டன் வந்தபோது குழாய்களில் துரு ஏறி, குழி விழுந்திருந்தது. மீண்டும் 60 பங்குக்குக் குடைய வேண்டியதாயிற்று. வந்த பிஸ்டன்கள் வீணாகிப் போயின; வேறு தருவிக்க வேண்டும்.

பணம் தீர்ந்துவிட்டது. வீட்டில் பேச்சு வளர்ந்தது. கடைசியில் தாயார் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அது அடகுக் கடைக்குப் போனது. அந்த ஆண்டு தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்கு வைத்திருந்த பணத்திலும் கை வைக்க நேர்ந்தது. அவள் ஓர் ஆண்டு கழித்துத்தான் சேர்ந்தாள். அந்தப் பெண் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த ஓர் ஆண்டை எந்தப் பட்டறையில் கட்டித் தருவார்கள்?

வண்டி மூன்றாம் ஆண்டில் ஓடியது. சங்கிலியும் திரும்பி வந்தது. தாயார் மகனிடம் சொன்னாராம்: "ஐயா, காடி ஓடுது, எனக்கும் சந்தோசந்தான். இனிமே எதையும் தொறக்கறதுக்கு முன்னாடி எங்கிட்டக் கணக்கச் சொல்லு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். எப்பன்னு சொல்லுவேன்."

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே புளோக் கடைசல் பட்டறைக்குப் போக வேண்டும். நல்ல கடைசல்காரர் பிஸ்டனை அளந்து பார்த்து, அதற்கேற்பவே குடைவார். மொத்தப் பணமும் சேர்ந்த பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். பால்மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு காத்திருந்த சமூகம் நாம். இஞ்சினுக்கு ஓர் ஆண்டு காத்திருக்க முடியாதா?

வேறு இஞ்சினை மாட்டிவிட்டால்?

"எதற்கு இந்தத் தொல்லை? ஹாஃப்கட் கடையில் ஜப்பான் இஞ்சின் வாங்கி மாட்டிவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். இஞ்சின் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் மூன்றாம் பத்தி எப்படி வீங்குகிறது என்று பாருங்கள். தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டும். கியர்பாக்ஸ் மாறும், பின்னால் போகும் தண்டை அளவு மாற்ற வேண்டும். ரேடியேட்டர் போதாது. மைனரின் மின்சாரம் பழைய முறைப்படி பாட்டரியின் நேர்முனையை வண்டி உடம்போடு இணைத்திருக்கும். ஜப்பான் இஞ்சினின் ஆல்டர்னேட்டருக்கு எதிர்முனை இணைய வேண்டும். ஆகவே வயர் வேலையும் சேரும்.

வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். மோரிஸ் நிறுவனமே 948இலிருந்து 1098க்குப் போனபோது முன் பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கியது. கிளச்சையும் ஓர் அங்குலம் பெரிதாக்கியது. வண்டியை உருவாக்கியவர்களே இப்படிச் செய்தார்கள் என்றால், நாம் இஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுப் பேசாமல் இருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

சட்டமும் இருக்கிறது. இஞ்சின் எண் கெரானில் பதிவாகியிருக்கும். வேறு இஞ்சின் போட்டால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, சோதனைக்கு விட்டு, புதிய எண்ணைக் கெரானில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் பிடிபடும்போது மட்டுமல்ல, விபத்து நேர்ந்து இன்சூரன்சுக்குப் போகும்போதும், வண்டியை விற்கும்போதும் தகராறு வரும். பழைய இஞ்சினையே கட்டி ஏற்றினால் எண் மாறாது. அதன் எண் பதித்த சிறு தகடு, கழுவும்போதும் கடைசல் வேலையின்போதும் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கனம் எங்கே, தாராளம் எங்கே?

பேரிங்கிலும் கடைசல் வேலையிலும் கஞ்சத்தனம் கூடாது. ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், மூன்று மாதத்தில் இஞ்சினை மீண்டும் இறக்கியவர்கள் உண்டு. அப்போது போமன் கூலி, கேஸ்கெட், எண்ணெய் எல்லாம் இரண்டாம் முறை கொடுக்க வேண்டும்.

கைவேலையில் சிக்கனம் செய்யலாம். கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவது, இஞ்சின் அறையைச் சுத்தம் செய்து வர்ணம் அடிப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளே செய்யலாம். ஒவ்வோர் இடத்து போல்ட்டையும் தனிப் பால் டின்னில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். பேரிங் மூடிகள் ஒன்றுக்கொன்று மாறக் கூடாது. எந்த இடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் போக வேண்டும். கழற்றும் முன் எண் குறித்து வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. தேடும் நேரத்துக்கும் போமன் கூலி வாங்குவார் என்பதை மறக்காதீர்கள்.

குரோம் பூச்சு, புது இருக்கை, பளபளப்பு வர்ணம் எல்லாம் பிறகு வரட்டும். ஓடாத வண்டிக்கு அலங்காரம் எதற்கு?

ஏற்றிய பிறகு

நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பை நான்கு பேர் கயிறு கட்டித் தூக்குவது ஆபத்து. செயின் பிளாக் அல்லது இஞ்சின் தூக்கியை வாடகைக்கு எடுங்கள். அந்த வாடகையும் மூன்றாம் பத்தியில் சேரும். கை நசுங்கினால் ஆகும் செலவு எந்தப் பத்தியிலும் அடங்காது.

முதல் ஓட்டத்துக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். காய்ந்த பேரிங்கில் ஓட்டினால் அத்தனை வேலையும் சில நொடிகளில் பாழாகும். முதல் 800 கிலோமீட்டர் வரை இஞ்சினை விரட்டாமல் ஓட்டி, பிறகு எண்ணெயை மாற்றுங்கள். வால்வு இடைவெளியையும் மறுபடி சரிபாருங்கள். கணக்கில் 'இருமுறை எண்ணெய்' என்று எழுதியது இதற்காகத்தான்.

புதிதாகக் கட்டிய இஞ்சினிலும் பின்பக்கம் ஓரிரு சொட்டு எண்ணெய் சிந்தலாம். இந்த இஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும் திருகு வரிதான் உண்டு. ஆகவே ஒரு சொட்டைப் பார்த்துவிட்டுப் போமனோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஓடையாக ஓடினால் போய்க் கேளுங்கள்.

முடிவாக ஒரு சொல்

"இவ்வளவு போட்டால் விற்கும்போது வருமா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வராது. பழைய கார் கட்டுவதை முதலீடு என்று சொல்லி யாராவது சேமநிதிப் பணத்தில் கை வைக்கச் சொன்னால் நம்பாதீர்கள். ஆசைக்குச் செலவிடும் பணத்தை ஆசைச் செலவு என்றே எழுத வேண்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் நாம் செலவு செய்வதில்லையா?

ஆனால் இந்த வேலையில் ஒரு வரவும் உண்டு. அளவு பார்த்து, ஒழுங்காகக் கழற்றி, பொறுமையாகப் பூட்டக் கற்ற பிள்ளை ஒரு தொழிலின் வாசலில் நிற்கிறான். அவனுக்கு அதில் உண்மையான நாட்டம் இருந்தால், தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்த்து மலேசியத் திறன் சான்றிதழ் வரை படிக்க வையுங்கள். இஞ்சின் ஒருநாள் மறுபடியும் தேயும். கற்ற கை தேயாது.

ஆகவே, தம்பிகளே! சாமான் கடைக்குப் போகும் முன் ஒரு மாலை வேளையில் தாய் தகப்பனோடு உட்காருங்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். விலையைக் கேட்டு ஒவ்வொன்றாக நிரப்புங்கள். ஐந்தில் ஒரு பங்கைச் சேருங்கள். அந்தத் தொகை வீட்டுச் செலவுக்கும், தங்கையின் படிப்புக்கும், பெரியவர்களின் மருந்துக்கும் இடையூறு இல்லாமல் சேரும்வரை, ஓடும் வண்டியை ஓட்டுங்கள். நிற்கும் வண்டியை மூடி வையுங்கள். தொகை சேர்ந்த பிறகு திறங்கள். அப்போது உங்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து கிளம்பும் மைனரின் ஓசையைக் கேட்டு, வீட்டிலுள்ள எல்லோருமே வாசலுக்கு வந்து மகிழ்வார்கள்.